திருமறையில் நம்பிக்கையும் மீட்பும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சொற்களும் மனிதரைப் போலவே குடிபெயர்கின்றன. ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குச் செல்லும் சொல், பிறந்தகத்துப் பொருளை முற்றும் மறப்பதில்லை. புகுந்தகத்துப் பொருளை முற்றும் ஏற்பதற்கும் நாளாகின்றது. கிறிஸ்தவத் திருமறைக்கு உயிர்நாடியாக விளங்கும் கருத்துகளுள் நம்பிக்கை ஒன்று, மீட்பு மற்றொன்று. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் தோன்றிய இவ்விரண்டும் தமிழில் அச்சேறத் தொடங்கி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான ஆண்டு 1578. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு அச்சாகி நிறைவுற்ற ஆண்டு 1715. இவ்வளவு காலம் தமிழில் வழங்கியும், அச்சொற்களின் பொருளைக் குறித்த ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வாராய்ச்சியில் தனியொரு உரிமை உண்டு என்று கருதுகிறோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லையாகக் குறித்த வேங்கடத்தின் அடியில் நாம் வாழ்கிறோம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன்பு சித்தூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960-இல் எல்லைகள் மீண்டும் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆதலின் இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், வழங்குகின்றன. ஒரு கருத்தை இரு மொழியிலும் கேட்கும் வாய்ப்பு உடையவர் அக்கருத்தின் இரு பக்கத்தையும் காண்பர்.

நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உள்ளனர். ஒரு சமயத்தை உயர்த்துதலோ தாழ்த்துதலோ இக்கட்டுரையின் நோக்கமன்று. திருமறை ஓர் இலக்கியமாகவும் நிற்கின்றது. அதன் வழிவந்த தமிழ்க் காப்பியமும் நமக்கு உண்டு. அவற்றை இலக்கியமாகவே வைத்து நோக்குவோம்.

வீடு, இரட்சிப்பு, மீட்பு

அறம், பொருள், இன்பம், வீடு என நாற்பொருள் வகுத்தவர் தமிழர். வீடு என்னும் சொல் ‘விடு’ என்பதன் அடியாகப் பிறந்தது. பற்றினை விடுதலும், பிறவித் தொடரினின்று விடுபடுதலும் அதன் உட்பொருள். திருமறையை மொழிபெயர்த்தோர் இந்த அழகிய சொல்லைத் தம் முதற்சொல்லாகக் கொள்ளவில்லை. காரணம் ஊகிக்கத் தக்கது. திருமறை பேசுவது பிறவித் தொடரினின்று விடுபடுதலை அன்று. இந்த உலகமும் இந்த உடலும் உட்பட அனைத்தும் சீர்பெறுதலை. விடுவதற்குரியதாக உலகத்தை அது நோக்கவில்லை.

ஆகவே அவர்கள் ‘இரட்சிப்பு’ என்னும் வடசொல்லை நாடினர். காத்தல் என்பது அதன் பொருள். எபிரேயத்தில் இதற்கு நேரான வினைச்சொல்லுக்கு ‘அகலமாக்குதல்’, ‘இடங்கொடுத்தல்’ என்னும் பொருள் அடிப்படையில் உண்டு என்று அறிஞர் பலர் கூறுவர். நெருக்கத்தில் சிக்கியவனை அகன்ற வெளியில் கொண்டுவந்து நிறுத்துதலே காத்தல் ஆகும். நம் ‘இடுக்கண்’ என்னும் சொல்லிலும் ஒடுங்குதல் என்னும் பொருள் உள்ளமை ஒப்புநோக்கத் தக்கது. துன்பம் ஒடுக்கம், இரட்சிப்பு அகலம். இயேசு என்னும் பெயரே ‘இறைவன் இரட்சிக்கிறார்’ என்னும் பொருளுடைய எபிரேயப் பெயரின் திரிபாகும்.

கிரேக்கத்தில் இதே கருத்தைச் சுட்டும் வினைச்சொல் மற்றொரு பணியையும் செய்கின்றது. நோயாளியைக் குணமாக்குதலுக்கும் பாவியை இரட்சித்தலுக்கும் புதிய ஏற்பாடு ஒரே சொல்லை ஆள்கின்றது. பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கினால் வருந்திய பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டு நலம்பெற்ற நிகழ்ச்சியில், அவள் பெற்றது உடல்நலமா ஆன்மநலமா என்று பிரித்துக் கேட்க அச்சொல் இடந்தருவதில்லை.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியின் அருகே, மிஷன்கள் பல ஒன்றுகூடிக் காசநோயாளிகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் அமைத்தன. அவ்விடத்திற்கு வழங்கிய பெயர் ஆரோக்கியவரம். காசநோய்க்கு முதன்முதல் பயன்பட்ட மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-இல்தான். அதற்கு முற்பட்ட முப்பதாண்டுக் காலம் அந்நிலையத்தில் நோயாளிக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தூய காற்று, நல்லுணவு, ஓய்வு, பராமரிப்பு ஆகியவையே. சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் மருத்துவமனை கட்டுவது எத்தகைய செயல்? இரட்சிப்பு இன்னும் கண்முன் வாராத இடத்தில் அது வருமென்று நடந்துகொள்ளும் செயல். அதற்குத்தான் நம்பிக்கை என்று பெயர்.

மூன்றாம் சொல் ‘மீட்பு’. அடகு வைத்த நகையை மீட்கிறோம். பறிபோன நிலத்தை மீட்கிறோம். முன்பு உரியதாக இருந்த ஒன்றுதான் மீட்கப்படும். எபிரேயச் சட்டத்தில் மீட்போன் என்பவன் நெருங்கிய உறவினன். வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால், அதனைப் பணங்கொடுத்து மீட்கும் கடமை அவன் சுற்றத்தாருடையது என்று லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் விதிக்கின்றது. ரூத்தின் கதையில் போவாஸ், ஊர் வாயிலில் மூப்பர் பதின்மர் முன்னிலையில் அக்கடமையை ஏற்கிறான். மீட்போன் உறவினன் என்னும் இக்கருத்தே பின்னர் இறைவனுக்கு ஏற்றிச் சொல்லப்பட்டது. கத்தோலிக்கரும் பிற திருச்சபையாரும் இணைந்து ஆக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’ இரட்சிப்பு என்பதை விடுத்து மீட்பு என்பதையே பெரிதும் ஆள்கின்றது. தூய தமிழ் என்பதோடு, உறவும் உரிமையும் அச்சொல்லில் தொனிப்பது அதன் தனிச்சிறப்பு. ஆயினும் குணமாக்குதல் என்னும் பொருள் அதில் மங்கிவிடுகின்றது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் மொழிபெயர்ப்பின் விதி போலும்.

நம்பிக்கை என்னும் சொல்

நம்பிக்கையைக் குறித்த வழக்கு இதனினும் சுவையானது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13-ஆம் அதிகாரத்தில் பவுல் நிலைத்து நிற்பவை மூன்று என்கிறார். பழைய தமிழ் வேதாகமம் அம்மூன்றையும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயர்த்தது. திருவிவிலியம் அவற்றையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கின்றது. அதாவது, பழைய நூலில் இரண்டாம் இடத்தில் இருந்த நம்பிக்கை புதிய நூலில் முதலிடத்திற்கு ஏறிவிட்டது. காலியான இரண்டாம் இடத்திற்கு எதிர்நோக்கு என்னும் புதுச்சொல் அமர்த்தப்பட்டது. ஒரு திருச்சபையில் நம்பிக்கை எனக் கேட்டவர் மற்றொன்றில் அச்சொல்லைக் கேட்டால் வேறு பொருள் கொள்ள நேரும்.

எது பொருத்தம்? இன்றைய வழக்கை நோக்கின் திருவிவிலியத்தின் பக்கம் நியாயம் உண்டு. ஒருவரை நம்புகிறோம் என்னும்போது அவர் சொல்லை ஏற்றுச் சார்ந்திருக்கிறோம் என்றே பொருள். ஆனால் தொல்காப்பிய உரியியலை நோக்கின் வழக்கு மாறிவிடுகின்றது. அங்கே ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்கு ஆசிரியர் காட்டும் பொருள் நசை, அதாவது விருப்பம். இன்னும் கைக்கு வாராத ஒன்றை உள்ளம் அவாவி நிற்பதே பண்டைத் தமிழில் நம்புதல். அங்ஙனமாயின் பழைய மொழிபெயர்ப்பாளர், அறிந்தோ அறியாமலோ, அச்சொல்லின் வேரைத் தொட்டுவிட்டனர் எனலாம். பவுல் பேசுவது கண்ணாற் காணாததை நாடிப் பொறுமையோடு காத்திருக்கும் நசையையே. கண்டுவிட்டதை எவரும் நம்பிக் காத்திருப்பதில்லை என்பது ரோமருக்கு எழுதிய மடலின் 8-ஆம் அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. அவ்விடத்திலேயே, படைப்பு முழுவதும் பேறுகாலத்து வேதனையால் முனகுகின்றது என்றும் உவமை சொல்கிறார். முனகல் துன்பத்தின் ஒலிதான். ஆயினும் ஒரு பிறப்பை முன்னிட்ட துன்பத்தின் ஒலி.

இனித் தெலுங்கைக் காண்போம். நம் அயல்வீட்டுக் கிறிஸ்தவ அன்பர் இதே மூன்றினை விசுவாசம், நிரீக்ஷண, பிரேம என்று படிக்கின்றார். நிரீக்ஷண என்பது உற்றுநோக்குதல். வழிமேல் விழிவைத்துப் பார்த்திருத்தல். தமிழில் 1995-இல் அமைந்த ‘எதிர்நோக்கு’ என்னும் சொல்லின் பொருளைத் தெலுங்கு வேதம் முன்னரே தன்னிடம் கொண்டிருந்தது. தமிழ்ச்சொல் உள்ளத்தின் விருப்பைக் காட்ட, தெலுங்குச்சொல் கண்ணின் காத்திருப்பைக் காட்டுகின்றது. இரண்டையும் அறிந்த சித்தூர்த் தமிழர் பவுலின் கருத்தை இரு கையாலும் பற்றிக்கொள்ளலாம்.

எபிரேயம் மூன்றாவதாக ஒரு படிமத்தைத் தருகின்றது. அங்கே நம்பிக்கையைக் குறிக்கும் ‘திக்வா’ என்னும் சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள் உண்டு. எரிகோ நகரத்து ராகாப் என்னும் பெண், நகர் அழியும் நாளில் தன் குடும்பம் தப்புதற்கு அடையாளமாகச் சன்னலில் சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டினாள் என்று யோசுவாவின் நூல் கூறுகின்றது. அக்கயிற்றைச் சுட்ட அந்நூல் ஆளும் சொல் அதுவே. முறுக்கப்பட்ட கயிறு, இழுக்க இழுக்க உறுதி காட்டும். வெறும் ஆசை இழுத்தால் அறுந்துபோகும். நம்பிக்கைக்கும் ஆசைக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

வேங்கடத்தின் அடியில்

இச்சொற்கள் கிறிஸ்தவர் கைக்கு வருமுன்பே தென்னாட்டில் ஒரு சமய வாழ்வை வாழ்ந்திருந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது. வைணவத்தில் சரணாகதிக்கு உறுப்புகள் வகுத்துரைப்பர். இறைவன் உறுதியாக இரட்சிப்பான் என்னும் அசையாத் துணிவு அவற்றுள் ஒன்று. அதற்கு மகாவிசுவாசம் என்று பெயர். அவனையே காப்போனாக வரித்தல் மற்றோர் உறுப்பு. வேதாந்த தேசிகர் முதலிய ஆசாரியர் இவற்றை விரித்துரைத்துள்ளனர். நம்மாழ்வார் திருவாய்மொழியில் சரணம் புகுந்தது திருவேங்கடமுடையானின் திருவடியில் என்பதும், குலசேகராழ்வார் அம்மலையில் ஒரு படியாகக் கிடக்கவும் விழைந்தார் என்பதும் திருப்பதித் தமிழருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியவை அல்ல. ஆக விசுவாசம், இரட்சித்தல் என்னும் இரு சொற்களும் ஒருசேர நின்று ஒரு சமயக் கருத்தைத் தாங்கியமை இம்மண்ணுக்குப் பழையது.

இரு சமயமும் ஒன்றையே கூறுகின்றன என்று அவசரப்பட்டு முடிவுகட்டுதல் ஆராய்ச்சி ஆகாது. சரண் புகுந்தவன் தன் சுமையை இறைவன்மேல் வைத்துவிட்டு அமைதி கொள்கிறான் என்பது வைணவத்தின் பேரழகு. பவுலோ, இரட்சிக்கப்பட்டவனும் படைப்போடு சேர்ந்து முனகுகிறான் என்கிறார். அவருடைய மடல்களில் இரட்சிப்பு முக்காலத்திலும் வருகின்றது: இரட்சிக்கப்பட்டோம், இரட்சிக்கப்படுகிறோம், இரட்சிக்கப்படுவோம். முடிந்துபோன செயலுக்கும் முடியப்போகும் செயலுக்கும் நடுவே நிற்பவனுடைய ஒழுக்கமே கிறிஸ்தவ நம்பிக்கை. இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டால்தான், வைணவ மரபில் பிறந்து கிறிஸ்தவராகிய ஒரு புலவரின் காப்பியம் நமக்கு விளங்கும்.

கிருஷ்ண பிள்ளையின் காப்பியம்

ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். கம்பனில் தோய்ந்த புலமையால் ‘கிறிஸ்தவக் கம்பர்’ எனப் போற்றப்பட்டார். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம் அது. ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதையின் முதற்பாகமே அதற்கு முதல். பனியன், அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றிய குற்றத்திற்காகப் பெட்ஃபோர்டுச் சிறையில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு இருந்தவர். கதையைச் சுருங்கச் சொல்லின், அழிவின் நகரத்தில் வாழும் ஒருவன் முதுகில் பெருஞ்சுமையோடு புறப்பட்டு, சேற்றையும் மலையையும் சந்தையையும் கோட்டையையும் கடந்து, இறுதியில் ஓர் ஆற்றையும் கடந்து, வான்நகரை அடைகிறான்.

பனியனின் கதையமைப்பில் நம்பிக்கையைக் குறித்த நுட்பங்கள் மூன்று உண்டு. முதலாவது, அந்த யாத்திரிகனுக்கு முதலில் துணையாக வருபவன் விசுவாசத்தின் உருவகம். மாயச் சந்தையில் அவனைக் கொன்றுவிடுகின்றனர். அவன் சாவைக் கண்டு மனம் மாறிய சந்தைவாசி ஒருவன் யாத்திரிகனோடு சேர்ந்துகொள்கிறான். அவனே நம்பிக்கையின் உருவகம். ஒருவருடைய விசுவாசம் விழுந்த இடத்தில் மற்றொருவருடைய நம்பிக்கை முளைக்கின்றது. இரண்டாவது, சோர்வு என்னும் அரக்கன் இருவரையும் ஐயக் கோட்டையில் சிறைவைத்து, தற்கொலை செய்துகொள்ளுமாறு ஏவுகிறான். யாத்திரிகன் தளர்ந்துவிடுகிறான். கடந்துவந்த இடர்களை நினைவூட்டி வாதிட்டு அவனைத் தடுப்பவன் நம்பிக்கை. பின்னர், வாக்குறுதி என்னும் சாவி முதலிலிருந்தே தன் மடியில் இருந்ததை யாத்திரிகன் உணர்கிறான். அச்சாவி எல்லாப் பூட்டையும் திறக்கின்றது. மூன்றாவது, கடைசி ஆற்றில் அவன் மூழ்கும்போது, தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கிப் பிடிப்பவனும் நம்பிக்கையே. ஆற்றைக் குறைக்கவோ விலக்கவோ அவனால் இயலவில்லை. தலையைத் தாங்குகிறான், அவ்வளவே.

இக்கதையைத் தமிழாக்குகையில் கிருஷ்ண பிள்ளை செய்த பெரும் மாற்றம் ஒன்றுண்டு. பனியனில் யாத்திரிகன் சிலுவையின் அடிக்கு வந்ததும் சுமை தானே கழன்று விழுகின்றது. நிகழ்ச்சி சுருக்கமாக முடிகின்றது. தமிழ்ப் புலவரோ கிறிஸ்துவின் பாடுகளைக் காப்பியத்துள் விரிவாகப் பாடுகிறார். சுமை ஏன் கழன்றது என்று கேட்பவனுக்கு, இன்னார் இன்னது பட்டதனால் என்று விடை கூறுகிறார். நம்பிக்கைக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். காப்பியத்தின் இடையிடையே, தம்மை ஆட்கொண்ட இறைவனை விளித்து உருகும் இசைப்பாடல்களையும் அமைத்து, அவற்றிற்கு ‘இரட்சணிய தேவாரம்’ எனப் பெயரிட்டார். வைணவக் குடியிற் பிறந்து, கிறிஸ்துவைப் பாட, சைவத்தின் பெயரை எடுத்தாண்டமை தமிழ் மரபின் அகலத்திற்குச் சான்று.

குறை இல்லையா எனின், உண்டு. வடசொற் பெருக்கும் காப்பிய நடையும் பொதுமக்களுக்கு அணையாக நிற்கின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் திருச்சபைகளில் பாடப்படும் அளவிற்கு இக்காப்பியப் பாடல்கள் பயிலப்படவில்லை. புகழப்படுகின்ற அளவிற்குப் படிக்கப்படுவதில்லை. இதனினும் ஆழமான குறை, கதையின் அமைப்பிலேயே உள்ளது. அது பனியனிடமிருந்து வந்தது. யாத்திரிகன் மனைவி மக்களை விட்டுவிட்டுத் தனியே ஓடுகிறான். அவர்கள் கூப்பிடும் குரல் கேளாதிருக்கக் காதைப் பொத்திக்கொள்கிறான். பனியனுக்கே இது உறுத்தியது போலும். ஆறாண்டு கழித்து 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் மக்களையும் அதே வழியில் அழைத்துவந்தார். முதலில் தான் மட்டும் வேற்றூர் வந்து, ஓர் அறையில் ஒண்டியிருந்து, பின்னர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் நம் போன்றோர்க்கு அந்த ஆறாண்டு இடைவெளியின் பொருள் நன்கு விளங்கும். தமிழ்க் காப்பியமோ முதற்பாகத்தோடு அமைந்துவிட்டது. ஆகவே அதில் மீட்பு என்பது தனிமனிதன் ஒருவனின் பயணமாகவே பெரிதும் நிற்கின்றது. வழியிலுள்ள ஊர்களெல்லாம் கடந்துபோக வேண்டியவை. தங்கி வாழ வேண்டியவை அல்ல.

எரேமியாவின் மடல்

இக்கருத்துக்கும் திருமறையில் ஆதாரம் உண்டு. எபிரெயருக்கு எழுதிய மடலின் 11-ஆம் அதிகாரம், ஆபிரகாம் கூடாரத்தில் குடியிருந்து, இறைவன் கட்டும் நகரத்தை எதிர்நோக்கியிருந்தான் என்றும், முன்னோர் வாக்குறுதியைத் தொலைவில் கண்டு அன்னியராகவே மாண்டனர் என்றும் கூறுகின்றது. யாத்திரிகக் காப்பியம் இந்தக் கூடாரத்தின் இலக்கியம்.

ஆனால் திருமறையில் வீட்டின் இலக்கியமும் உண்டு. கி.மு. 597-இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து அரசனையும் கைவினைஞரையும் குடும்பங்களோடு சிறைகொண்டு சென்றனர். அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் அனைவரும் திரும்பிவிடுவர் என்று இனிக்க இனிக்க உரைத்தான். எரேமியா அவ்வாறு உரைக்கவில்லை. சிறைப்பட்டோர்க்கு ஒரு மடல் எழுதினார். அது அவர் நூலின் 29-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதன் கருத்து இது: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள், மக்களுக்கு மணம் முடியுங்கள், அந்நகரின் நன்மையை நாடி அதற்காக மன்றாடுங்கள், அதன் நன்மையிலேயே உங்கள் நன்மை உள்ளது, திரும்புதற்கு எழுபது ஆண்டு ஆகும். இவ்வளவும் கூறிய பின்னரே, உங்களுக்கு ஓர் எதிர்காலமும் நம்பிக்கையும் வைத்திருக்கிறேன் என்னும் இறைவாக்கு வருகின்றது.

எழுபது ஆண்டு என்றால் கேட்டவருள் பெரியோர் எவரும் திரும்பப்போவதில்லை என்று பொருள். தமக்குக் கிட்டாத ஒன்றை முன்னிட்டு, தம்மைச் சிறைப்படுத்திய ஊரில் மரம் நடும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அனனியா தந்தது நம்பிக்கையன்று. நம்பிக்கை போல ஒலித்த முகமன். அது மனிதனைப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காரச் செய்யும். எரேமியா தந்த நம்பிக்கை அவனை எழுந்து கிணறு வெட்டச் செய்யும்.

எரேமியா பிறருக்கு உபதேசம் செய்ததோடு நின்றாரல்லர். பின்னர் பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, அவர் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்நிலையில் தந்தையின் உடன்பிறந்தார் மகன் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை மீட்கும் உரிமை உமக்கு உண்டு, வாங்கிக்கொள்ளும் என்றான். பகைவன் கைப்பட்டுவிட்ட நாட்டில் நிலம் வாங்குவார் உண்டோ? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கப்பட்டது. கிரயப் பத்திரம் எழுதி, சாட்சிகள் கையொப்பமிட்டு, முத்திரையிட்ட படி ஒன்றும் திறந்த படி ஒன்றுமாக எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. நெடுநாள் கெடாதிருக்க அவற்றை மண்பாண்டத்தில் வைக்குமாறு கட்டளை பிறந்தது. இந்நாட்டில் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் மீண்டும் வாங்கப்படும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அலுவலகத்தில் நாள்முழுதும் படியும் பதிவேடும் கையாளும் நம்போன்ற எழுத்தருக்கு 32-ஆம் அதிகாரத்து இந்நிகழ்ச்சி தனிச்சுவை தரும். நம்பிக்கை ஈண்டு ஓர் உணர்ச்சியாக வரவில்லை. சாட்சிக் கையொப்பம் பெற்ற பத்திரமாக வருகின்றது. மீட்பு என்னும் சொல்லும் இங்கே தன் பழம்பொருளில், சுற்றத்தான் நிலத்தை மீட்டலாக, நிற்கின்றது. நம்பிக்கையும் மீட்பும் ஒரே மண்பாண்டத்தில் வைக்கப்பட்ட இடம் இதுவென்று கூறலாம்.

கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் வீழ்ந்தது. கி.மு. 538-இல் பாரசீக மன்னன் கோரேசு, விரும்பியோர் திரும்பலாம் என ஆணையிட்டான். சிலர் திரும்பினர், பலர் பாபிலோனிலேயே தங்கினர். தங்கியோர் வழியில் வந்தவரே பல நூற்றாண்டு கழித்துப் பாபிலோனியத் தால்மூது என்னும் பெருநூலை உலகுக்கு அளித்தனர். மரம் நட்டவர் வீண்போகவில்லை.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். இரட்சிப்பு என்னும் சொல் காத்தலையும் குணமாதலையும், மீட்பு என்னும் சொல் உறவையும் உரிமையையும் காட்டின. நம்பிக்கை உள்ளத்தின் நசையாகவும், நிரீக்ஷண விழியின் காத்திருப்பாகவும், திக்வா முறுக்கிய கயிறாகவும் நின்றன. கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் இக்கருத்துகளுக்குத் தமிழில் கம்பனின் நடையைத் தந்தது. அப்பணி பெரிது, அதனை மறுப்பார் இலர். ஆயினும் அவர் காட்டியது வழிநடையின் நம்பிக்கை. குடியிருப்பின் நம்பிக்கைக்கு நாம் எரேமியாவின் மடலைத்தான் நாட வேண்டும். அதனைப் பாடத் தமிழில் மற்றொரு காப்பியம் இன்னும் எழவில்லை.

நம் குடும்பங்களுக்கு இவ்வேற்றுமை ஏட்டளவினதன்று. மாற்றல் உத்தரவைப் பார்த்தும், ஓய்வுபெறும் ஆண்டை எண்ணியும், ஊருக்குத் திரும்பியபின் வாழலாம் என்று வாழ்வை ஒத்திவைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. வாடகை வீட்டுக் கொல்லையில் மரம் வைப்பதில்லை. இன்னும் சில ஆண்டுதானே என்று தெலுங்கு எழுத்தைக் கற்பதில்லை. குழந்தைகளுக்கோ தமிழெழுத்தை ஊருக்குப் போனபின் கற்பிக்கலாம் என்று விட்டுவிடுகிறோம். இரு மொழியையும் இரு கையிலும் ஏந்த வேண்டிய பிள்ளைகள் வெறுங்கையராக நிற்கின்றனர். கூடாரத்தில் வாழ்வதும் நம்பிக்கையே. ஆபிரகாம் அவ்வாறு வாழ்ந்தான். ஆனால் ஆபிரகாமும் கூடாரத்தில் முழு வாழ்வையே வாழ்ந்தான், வாழ்வை ஒத்திவைக்கவில்லை.

ஊரை மறக்கும்படி எரேமியா கூறவில்லை. எழுபது ஆண்டுக்குப் பின் வரும் நாளை நினைவில் வைத்துக்கொண்டே இன்று குழி தோண்டுங்கள் என்றார். வேங்கடத்தின் நிழலில் ஒரு மாங்கன்றை நட்டு, அதன் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமாக. அதன் கனியை உண்பவர் யாராயினும் ஆகுக.